ஆறு போக வழி எங்கே?

எண்ணூர் நிலையத்தை விட்டு இரயில் வடக்கே நகர்ந்ததும் சன்னலுக்கு வெளியே தண்ணீர் விரிகிறது. தொலைவிலே அனல்மின் நிலையத்தின் புகைக்கூண்டுகள். அருகிலே, இடுப்பளவு நீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் ஏழை மக்கள். ஷிப்டு முடித்துக் களைத்துக் கண்ணயரும் நம் தோழர்கள் இதைப் பார்ப்பதில்லை. பார்த்தாலும், ஏதோ உப்பங்கழி என்று எண்ணிக் கண்ணை மூடிக்கொள்வார்கள்.

அதுதான் கொசத்தலையாறு! சென்னையின் மூன்று ஆறுகளிலே பெரியது. கூவத்துக்குக் கேலி உண்டு. அடையாற்றுக்குக் கரையோர மாளிகைகள் உண்டு. கொசத்தலைக்கு என்ன உண்டு? சாம்பல் உண்டு, எண்ணெய் உண்டு, நிலக்கரித் தூசு உண்டு. போதாதென்று பெரியதொரு துறைமுகத் திட்டமும் காத்திருக்கிறது.

ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் மணல் திட்டிலே இருக்கிறது காட்டுப்பள்ளி. 2013-இல் அங்கே ஒரு துறைமுகம் இயங்கத் தொடங்கியது. 2018-இல் அது அதானி குழுமத்தின் கைக்குப் போயிற்று. ஏறத்தாழ 330 ஏக்கரில் அமைந்த அதனைச் சுமார் 6,110 ஏக்கராக விரிக்க வேண்டுமாம். அதிலே ஏறக்குறைய 2,000 ஏக்கர் கடலைத் தூர்த்து எடுப்பதாம். ஆண்டுக்கு 2 கோடியே 46 இலட்சம் டன் சரக்கைக் கையாளும் திறன் 32 கோடி டன்னாக வேண்டுமாம். பக்கத்திலேயே, 2001-இல் தொடங்கிய எண்ணூர்த் துறைமுகம், காமராசர் பெயரைத் தாங்கி, நிற்கிறது. அது போதாதா என்ற கேள்விக்கு நேரான விடை வரக் காணோம்.

உடனே சிலர் நம்மைப் பார்த்து, "துறைமுகம் வேண்டாமா? இரயில் வேண்டாமா? வேலை வேண்டாமா?" என்று கேட்கக் கூடும். யாரிடம் கேட்கிறார்கள்! மூட்டை சுமந்து முதுகு காய்த்தவர்கள் நாம். துறைமுகம் நமக்குச் சோறு போட்டது. அதை நாம் மறந்தவரல்லர். ஆனால் 1923-இல் இதே சென்னைக் கடற்கரையில் மே தினக் கொடியேற்றிய சிங்காரவேலர் பிறந்தது மீனவர் குப்பத்தில்தான் என்பதையும் நாம் மறக்கவில்லை. துறைமுகத் தொழிலாளியும் வலைவீசுகிறவனும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். ஒருவன் சோற்றைப் பிடுங்கி மற்றவன் தட்டில் வைப்பதற்குப் பெயர் வேலை கொடுப்பதா? அந்தத் தட்டிலும் நிரந்தர வேலை விழுமா, ஒப்பந்தக் கூலி விழுமா என்று கேட்டால் பேச்சு மாறிவிடுகிறது. பெட்டியைத் தூக்குவது கிரேன் என்பதும் நமக்குத் தெரியாததல்ல.

இரயில் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு சரக்கு வண்டி சுமார் 4,000 டன் இழுக்கும். 32 கோடி டன்னில் கால் பங்கு மட்டும் இரயிலில் போவதாக வைத்துக்கொண்டாலும் ஆண்டுக்கு 20,000 வண்டிகள். நாளொன்றுக்கு ஐம்பத்தைந்து! காலியாகத் திரும்புவது தனி. அத்திப்பட்டிலும் மீஞ்சூரிலும் சரக்கு வண்டி போகட்டும் என்று நம் மின்சார இரயிலை நிறுத்திவைக்கும் கொடுமையை இப்போதே அனுபவிக்கிறோம். புதிய தண்டவாளம் போடுவோம் என்றால் அதற்கு மண்மேடு எழுப்ப வேண்டும். மேடு எழும் இடம் எது? மழைக்காலத்தில் தண்ணீர் பரவிக் கிடக்கும் அதே தாழ்நிலம்!

இங்கேதான் தோழர்கள் நின்று யோசிக்க வேண்டும். பூண்டியைத் திறந்தால் தண்ணீர் எங்கே போகிறது? கொசத்தலையாற்றில். புழலேரி நிரம்பினால் உபரி நீர் எங்கே போகிறது? சடையங்குப்பம் பக்கமாக வந்து அதே ஆற்றில். இத்தனை வெள்ளமும் வந்து சேரும் நேரத்தில் கடல் ஏற்றமாக இருந்தால் முகத்துவாரம் அதை உடனே வாங்கிக்கொள்ளாது. தண்ணீர் சற்றே காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் இடம்தான் உப்பளமும் கழிவெளியும் சதுப்பும். அவற்றைத் தூர்த்து, கற்சுவர் எழுப்பி, கிடங்கு கட்டிவிட்டால், வெள்ளம் எங்கே காத்திருக்கும்? நம் வீட்டுக் கூடத்தில்! 2021 நவம்பரில் மணலி புதுநகர் மக்கள் இந்தப் பாடத்தைக் கழுத்தளவு அச்சத்தோடு படித்தார்கள். அந்தத் தெருக்களில் குடியிருப்பவர்கள் கோடீசுவரர்களல்லர். ஆலைத் தொழிலாளர்கள், லாரி ஓட்டுநர்கள், கொத்தனார்கள்.

2023 டிசம்பரில் புயல் மழையோடு மணலியிலிருந்து எண்ணெய் வந்தது. பக்கிங்காம் கால்வாய் வழியே கழிமுகம் முழுவதும் பரவிற்று. வாளியும் கையுமாய் அதை அள்ளியவர்கள் அதே மீனவர்கள். வலையும் படகும் கறுத்தன; மீன் விலை போகவில்லை.

கடல் தூர்ப்பது பற்றியும் ஒரு சொல். மெரினா மணற்பரப்பு எப்படி வந்தது என்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னைத் துறைமுகச் சுவர் எழுந்தது. தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் அங்கே தடைப்பட்டுத் தெற்கே குவிந்தது. வடக்கே இராயபுரம் முதல் எண்ணூர் வரை கரை அரித்துப்போயிற்று. இன்று கருங்கல் கொட்டி வைத்திருக்கிறார்கள். காட்டுப்பள்ளிக்கு வடக்கே இருப்பது பழவேற்காடு. அங்கே ஏரியையும் கடலையும் பிரித்து நிற்பது மெல்லிய மணல் திட்டு ஒன்றுதான்.

வட சென்னையின் விதி இது போலும்! சென்னைத் துறைமுகத்து நிலக்கரித் தூசு நகரத்தை வாட்டுகிறது என்று உயர்நீதிமன்றம் ஆணையிட, 2011-இல் கரி எண்ணூருக்கு மாறியது. நகரத்துக்கு ஆகாதது எண்ணூருக்கு மட்டும் ஆகுமா? அங்கே மூச்சு விடுகிறவர்கள் மனிதர்களில்லையா?

இந்த விரிவாக்கத்துக்கான பொதுமக்கள் கருத்துக்கேட்பு 2021 ஜனவரியில் அறிவிக்கப்பட்டு ஒத்திவைக்கப்பட்டது. 2023 செப்டம்பரிலும் அதே கதை. மறுபடி நாள் குறித்தால் முப்பது நாள் முன்னதாக அறிவிப்பு வர வேண்டும். அறிக்கையின் சுருக்கம் தமிழில் கிடைக்க வேண்டும் என்பது 2006-ஆம் ஆண்டு விதி. அதை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் வாங்கி, தொழிற்சங்கக் கிளையில் ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர் கேட்கட்டும். மேடைக்கு முன் குப்பத்து மக்களை மட்டும் நிறுத்திவிட்டு நாம் ஷிப்டுக்குப் போய்விடக் கூடாது. பூண்டி மதகு முழுதும் திறந்த நாளில், கடலும் ஏற்றத்தில் இருக்கும்போது, மணலி புதுநகரில் எத்தனை அடி தண்ணீர் நிற்கும் என்று முதலில் கேட்போம். மற்றவற்றை அதன் விடை வந்த பிறகு பேசலாம்.