மூத்தவாப்பாவின் கடன் கொப்பி

புத்தளத்தில் சாப்பாட்டுக் கடை திறக்கவிருக்கும் ஒரு தம்பி போன வாரம் என் கடைக்கு வந்தார். “நானா, கடையில் கடன் கொடுக்கலாமா, கூடாதா?” என்று கேட்டார். ஒரே வார்த்தையில் சொல்ல என்னிடம் பதில் இருக்கவில்லை. என் மூத்தவாப்பாவின் கடன் கொப்பியைப் பற்றிச் சொன்னேன். அதையே இந்த வாரம் உங்களுக்கும் சொல்கிறேன்.

எங்கள் ஊர் மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டி. என் உம்மாவின் வாப்பா தலைமன்னார் பியரில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். அவரும் அவருடைய தம்பியும் பங்கு. 1914இல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ரயிலோடு இணைந்த கப்பல் சேவை தொடங்கியது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்துபோன பிறகு கப்பல் இராமேஸ்வரத்துக்குப் போய் வந்தது. கொழும்பில் இருந்து வரும் ரயிலும் அக்கரையில் இருந்து வரும் கப்பலும்தான் பியரின் வியாபாரத்துக்கு உயிர்நாடி.

காலையில் இடியப்பமும் சொதியும், பகலில் சோறும் மீன் ஆணமும், பின்னேரத்தில் பராட்டாவும் இறைச்சி ஆணமும் இருக்கும். நாள் முழுக்க பிளேன்ரீ. இவ்வளவுதான் கடை. ஆனால் ரயில்வேக்காரர், துறைமுகக் கூலியாட்கள், மீனவர், சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்று எல்லோரும் ஒரே வாங்கில் இருந்து சாப்பிட்டதை நான் சின்ன வயதில் கண்ணால் கண்டிருக்கிறேன்.

பேரப்பிள்ளைகள் என்பதற்காக எங்களுக்குப் பராட்டா இலவசமில்லை. எங்கள் பெயரையும் கொப்பியில் எழுதுவார். பெருநாள் அன்று எங்கள் கணக்கு முழுவதையும் கோடு போட்டு வெட்டிவிட்டு, பெருநாள் காசும் தருவார். “கடையில் இருந்து எடுத்தது எழுத்தில் இருக்க வேணும். நான் உங்களுக்குக் கொடுப்பது வேறு கணக்கு” என்பார். வீட்டுச் செலவைக் கடைக் கணக்கோடு கலக்கக் கூடாது என்று இன்று வங்கியில் சொல்லித் தருகிறார்களே, அதை நான் பராட்டாவோடு சேர்த்துப் படித்தேன்.

கடன் கொடுத்த முறை

அவர் கடன்காரரை மூன்றாகப் பிரித்தார். மாதச் சம்பளக்காரருக்குச் சம்பள நாள் வரைக்கும் கடன் உண்டு. மீனவருக்குப் பாடு கிடைக்கும் காலம் வரைக்கும் உண்டு. கப்பலேறிப் போகும் பயணிக்குக் கடன் இல்லை. கையில் காசில்லாத பயணிக்குச் சோறு உண்டு, அதைக் கொப்பியில் எழுதுவதில்லை. “திரும்பி வராதவனுக்குக் கொடுத்தால் அது ஸதகா. அதைக் கடன் என்று எழுதி நம்மை நாமே ஏமாற்றக் கூடாது” என்பது அவருடைய பேச்சு.

எழுதும்போது தொகையைச் சத்தமாக வாசித்துக் காட்டுவார். சாப்பிட்டவர் தலையசைத்த பிறகுதான் பேனை கொப்பியில் படும். கடை பூட்டிய பிறகு நினைவில் இருந்து எதையும் எழுதமாட்டார். நாள் விற்பனையில் நாலில் ஒரு பங்குக்கு மேல் கடனாகப் போனால் மறுநாள் மாவுக்கும் விறகுக்கும் லாச்சியில் காசிருக்காது என்பது அவர் கணக்கு. அந்த அளவைத் தாண்டிய நாளில் யார் கேட்டாலும் “நாளைக்குப் பார்ப்போம், இன்றைக்குப் பிளேன்ரீ மட்டும் குடியுங்கோ” என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவார்.

கொப்பியின் முன்பக்கத்தில் வர வேண்டியவை இருக்கும். அதையே திருப்பிப் பிடித்தால் பின்பக்கத்தில் அவர் கொடுக்க வேண்டியவை இருக்கும். மாவு எடுத்த கடை, மீன் தந்த பேசாலை மீனவர், விறகு வண்டிக்காரர் என்று வரிசையாக எழுதியிருப்பார். முன்பக்கத்தை மட்டும் பார்ப்பவனுக்குத் தான் பணக்காரன் என்ற மயக்கம் வரும், பின்பக்கத்தையும் பார்ப்பவன்தான் வியாபாரி என்று சொல்லுவார்.

ஐந்து பைகள்

1984இல் யுத்தச் சூழலால் கப்பல் நின்றது. பியரில் வியாபாரம் விழுந்தது. அண்ணனும் தம்பியும் சேர்ந்து மன்னார் நகரில் ஒரு துண்டுக் காணி வாங்கிக் கடையை அங்கே மாற்றினார்கள். 1990 ஒக்டோபர் கடைசியில் வடமாகாண முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற்றப்பட்டபோது அந்தக் கடையும் போனது. மன்னார்த் தீவில் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஒரு குடும்பத்துக்கு ஐந்து பயணப் பைகள், 2000 ரூபாய், ஒரு பவுன் நகை. அதற்கு மேல் எதையும் எடுக்க அனுமதியில்லை.

எனக்கு அப்போது இருபது வயது. உம்மா உடுப்புகளைத் திணித்துக்கொண்டிருந்த பைக்குள் மூத்தவாப்பா கடன் கொப்பியை வைத்தார். எனக்குக் கோபம் வந்தது. “இதை எடுத்து என்ன செய்யப் போறீங்க? கடன்காரர் எல்லாம் எங்கேயோ, நாங்கள் எங்கேயோ!” என்று சத்தம் போட்டேன். அவர் கொப்பியைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டினார். “மகன், வர வேண்டியதற்காக இல்லை. கொடுக்க வேண்டியதை மறந்துவிடக் கூடாதே” என்றார். நான் வாய் மூடிக்கொண்டேன். வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்து இறங்கினோம்.

முகாமில் இருந்துகொண்டே, சில்லறை வியாபாரத்தில் கிடைத்ததைச் சேர்த்து, பின்பக்கத்தில் இருந்தவர்களை ஒவ்வொருவராகத் தேடிக் கொடுத்தார். 1992இல் ஒரு நாள் அனுராதபுரத்தில் இருந்து ஒரு சிங்களச் சகோதரர் எங்கள் கொட்டிலைத் தேடி வந்தார். பியரில் ரயில்வே வேலை பார்த்தவர். இருநூறு ரூபாயை நீட்டி, “முதலாளி, என் பாக்கி” என்றார். மூத்தவாப்பா கொப்பியைப் புரட்டினார். 140 என்று இருந்தது. அறுபது ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அந்த வரியை வெட்டினார். அன்று எங்களுக்கு அறுபது ரூபாய் சின்னக் காசில்லை.

1996இல் அவர் மௌத்தானார். அதற்கு முன்னர் உம்மாவைக் கூப்பிட்டு, வர வேண்டிய மிச்சம் எல்லாவற்றையும் ஹலாலாக்கிவிட்டதாகச் சொன்னார். பின்பக்கத்தில் இரண்டு பெயர்கள் மட்டும் வெட்டப்படாமல் இருந்தன. ஜனாஸா எடுக்கும் முன் மாமா அந்தக் கடன்களைப் பொறுப்பேற்றார்.

எழுதாத பக்கம்

இவ்வளவு எழுதிய மனிதர் ஒன்றை மட்டும் எழுதவில்லை. மன்னார் நகரக் காணியில் தனக்கும் தம்பிக்கும் சரிபாதி என்பதை எழுதவில்லை. உறுதி முடித்த நாளில் அவர் காய்ச்சலில் படுத்திருந்தார். தம்பியின் பெயரில் உறுதி முடிந்தது. “தம்பிதானே” என்று இருந்துவிட்டார். தம்பியும் மோசக்காரரில்லை. ஆனால் இருவரும் முகாமிலேயே மௌத்தாகிவிட்டார்கள்.

2009இல் யுத்தம் முடிந்து நாங்கள் போய்ப் பார்த்தபோது சுவர்கள் மட்டும் நின்றன. உறுதி மச்சானின் கையில் இருந்தது. ஞாபகம் என் உம்மாவின் கையில் இருந்தது. இரண்டு வருடம் இரண்டு குடும்பமும் கல்யாண வீட்டில்கூட முகம் பார்க்கவில்லை.

சட்டத்தரணி ஒருவர் எனக்கு விளக்கியதை உங்கள் நன்மைக்காகச் சொல்கிறேன். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணிக் கொடுக்கல் வாங்கல் நொத்தாரிசு முன்னிலையில் எழுத்தில் இருக்க வேண்டும். மூலதனம் 1000 ரூபாய்க்கு மேற்பட்ட பங்கு வியாபார ஒப்பந்தமும் ஒப்பமிட்ட எழுத்தில் இருக்க வேண்டும். இன்று 1000 ரூபாயில் ஒரு தேத்தண்ணிக் கடைகூடப் போட முடியாது. ஆகவே பங்கு வியாபாரம் செய்யும் எல்லோரும் இதற்குள் அடக்கம்.

உயில் எழுதாமல் மரணிக்கும் முஸ்லிமின் சொத்து, 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, அவர் சார்ந்த மத்ஹபின் வாரிசு முறையில் பிரியும். தம்பிக்கு ஆண் மக்கள் இருக்கும்போது அண்ணனின் மக்கள் வாரிசில் வரமாட்டார்கள். உறுதியில் பெயரில்லாத என் உம்மாவுக்குச் சட்டம் ஒரு அடி நிலமும் கொடுக்கவில்லை.

கடன் கொப்பிக்கும் சட்டத்தில் ஆயுள் உண்டு. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டப்படி, கடைப் பாக்கிக்கு வழக்கு வைக்க ஒரு வருடம்தான் அவகாசம். வாய்ப் பேச்சு ஒப்பந்தத்துக்கு மூன்று வருடம், எழுத்து ஒப்பந்தத்துக்கு ஆறு வருடம். அனுராதபுரத்துச் சகோதரர் வந்தபோது சட்டத்தில் அந்தக் கடன் இல்லாமல் போய் வெகு நாளாகியிருந்தது. அவரைக் கொண்டுவந்தது சட்டமில்லை, அந்தக் கடையின் நேர்மை. ஆனால் காணி விடயத்தில் நேர்மையை மட்டும் நம்பியதால்தான் எங்கள் குடும்பம் பிரிந்தது.

கடைசியில் மச்சானே உம்மாவைத் தேடி வந்தான். காணியை வைத்துக்கொண்டு, அதன் பாதிப் பெறுமதியைத் தவணை முறையில் தருவதாகச் சொன்னான். அவன் அதைத் தர வேண்டும் என்று எந்தக் கோர்ட்டும் சொல்லவில்லை. இந்த முறை நொத்தாரிசிடம் போய் எழுதினோம். கடைசித் தவணையை வாங்கிய அன்று உம்மா அழுதார். காசு வந்ததற்காக அழவில்லை, வாப்பாவின் கடை இனி இல்லை என்பதற்காக அழுதார். அந்த இடத்தில் இப்போது வேறு வியாபாரம் நடக்கிறது. 2015இல் ரயில் மறுபடியும் தலைமன்னார் பியர் வரை வந்தது. எங்கள் கடை வரவில்லை.

அக்கரையில் ஒரு கடையைப் பாருங்கள். இளமையில் கொழும்பில் இருந்து தொழில் கற்ற ஏ. எம். புஹாரி அவர்கள் 1951இல் சென்னை மவுண்ட் ரோட்டில் திறந்த புஹாரி ஹோட்டல் அவருக்குப் பின்னும் நிலைத்து நிற்கிறது. ஒரு மனிதரின் கைராசியில் ஓடும் கடை அவரோடு முடியும். அவருக்குப் பின்னும் ஓட வேண்டுமானால் பெயரும் பங்கும் பொறுப்பும் அவர் இருக்கும்போதே தெளிவாக வேண்டும்.

கடனை எழுதிவைக்கச் சொல்லும் ஸூரத்துல் பகராவின் 282ஆவது வசனம்தான் குர்ஆனிலேயே நீளமான வசனம். அதை ஓதும் நாம் வாடிக்கையாளர் குடித்த பிளேன்ரீயை எழுதுகிறோம். சொந்தச் சகோதரனோடு உள்ள பங்கை எழுத வெட்கப்படுகிறோம். எழுதினால் நம்பிக்கையில்லை என்று நினைப்பாரோ என்று அஞ்சுகிறோம். எழுதுவது இன்று இருப்பவர்களுக்கு இடையிலான சந்தேகத்துக்காக அல்ல, நாளை நாம் இல்லாதபோது நம் பிள்ளைகள் பேசிக்கொள்வதற்காக.

புத்தளத்துத் தம்பிக்கு நான் சொன்னது இதுதான்: கடன் கொடுங்கள், அளவோடு கொடுங்கள், வாசித்துக் காட்டி எழுதுங்கள். வீட்டுக்கு எடுப்பதையும் எழுதுங்கள். கொப்பியின் பின்பக்கத்தை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பாருங்கள். கடை திறக்கும் முன் பங்காளியோடு நொத்தாரிசிடம் போங்கள். அவர் தன் பங்காளி சொந்தக் காக்காதான் என்றார். அப்படியென்றால் இன்றைக்கே போங்கள் என்றேன்.

அந்தக் கொப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது. பெருநாளுக்கு வெட்டிய என் பராட்டாக் கணக்கும் அதில் இருக்கிறது. அல்லாஹ் அன்னாரின் பிழைகளைப் பொறுத்து, மேலான சுவனத்தை வழங்குவானாக. ஆமீன்.