ஆறாத புண்ணும் அயர்ந்த குருத்தணுக்களும்

காயம் பட்டால் ஆறிவிடும் என்பது நாம் சிறு வயது முதல் கண்டறிந்த உண்மை. அரிவாள்மணை விரலைக் கீறினாலும் சில நாட்களில் தோல் மூடிக்கொள்கிறது. ஆனால் நீரிழிவு உள்ளவர் காலில் செருப்புக் கடித்த ஒரு சிறு கொப்புளம் மாதக்கணக்கில் ஆறாது நின்று, முடிவில் விரலையோ காலையோ இழக்கச் செய்வதும் உண்டு. இஃது ஏன்?

நம் நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவு உள்ளவர்கள் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. ஆகவே, இக்கேள்விக்கு விஞ்ஞானிகள் தரும் விடையை நம் சங்க அன்பர்கள் அறிந்திருத்தல் நலம்.

பழுது பார்க்கும் அணுக்கள்

உடலின் அணுக்களில் பெரும்பாலானவற்றுக்குத் தனித்தனித் தொழில் உண்டு. அவ்வாறு ஒரு தொழிலில் நிலைபெறாமல், தேவைக்கேற்பப் பெருகிப் புதிய அணுக்களை ஈன்று தருபவை ‘ஸ்டெம் செல்’ எனப்படும் குருத்தணுக்கள். தென்னங்குருத்திலிருந்து புது ஓலைகள் விரிவதைப் போன்றது இவற்றின் செயல். தோலில் உள்ளவை புதுத் தோலைத் தருகின்றன. எலும்பு மஜ்ஜையில் உள்ளவை இரத்த அணுக்களைத் தருகின்றன. காயம் பட்ட இடத்திலிருந்து இரசாயன அழைப்புக் கிடைத்ததும் மஜ்ஜையிலிருந்து அணுக்கள் புறப்பட்டுச் சென்று, புண்ணைச் சுத்தம் செய்து, புதிய நுண்குழாய்கள் தோன்றவும் உதவுகின்றன.

இரயில்வேயில் பணிபுரியும் நமக்கு இது எளிதில் விளங்கும். பாதையில் பழுது என்று தகவல் வந்தால் கேங் ஆட்கள் கருவிகளுடன் புறப்படவேண்டும். அவர்கள் இருப்பிடத்தை விட்டுப் புறப்படாவிட்டாலோ, வலுவிழந்திருந்தாலோ, செல்லும் வழி அடைபட்டிருந்தாலோ பழுது பழுதாகவே நிற்கும். நீரிழிவில் இம்மூன்றும் ஒருங்கே நேர்கின்றன.

நெடுநாள் மிகுந்து நிற்கும் சர்க்கரை, மஜ்ஜையின் நுண்குழாய்களையும் நரம்புகளையும் கெடுக்கிறது. அதனால் அழைப்பு வந்தும் குருத்தணுக்கள் போதிய அளவில் வெளிவருவதில்லை. வந்தவையும் வலுக் குன்றியவையாக உள்ளன. புண்ணைச் சுத்தம் செய்யும் வெள்ளணுக்களோ, அவ்வேலையை முடித்துக் கட்டும் வேலைக்கு இடம் கொடாமல் அழற்சியை நீட்டிக்கின்றன. காலுக்குச் செல்லும் இரத்தக் குழாய்களும் குறுகிவிடுகின்றன. போதாக்குறைக்குப் பாதத்தின் உணர்ச்சியும் மரத்துப் போவதால், காயம் பட்டதே நோயாளிக்குத் தெரிவதில்லை.

விளம்பரங்களில் மயங்கற்க

குருத்தணுக்கள் அயர்ந்தால் புதியவற்றை ஊசி மூலம் செலுத்தலாகாதா என்று கேட்கலாம். அம்முயற்சி இன்னும் ஆராய்ச்சி நிலையிலேயே உள்ளது. 2017-ஆம் ஆண்டின் தேசிய வழிகாட்டு நெறிகள், சில இரத்த நோய்கள் போன்றவற்றுக்குச் செய்யும் மாற்றுச் சிகிச்சை நீங்கலாக, ஏனையவற்றை அனுமதி பெற்ற ஆராய்ச்சியாக மட்டுமே நடத்தலாம் என்று விதித்துள்ளன. ஆதலின் ‘ஸ்டெம் செல் ஊசியால் நீரிழிவு நீங்கும்’ என்ற விளம்பரத்தை நம்பிச் சேமிப்பைத் தொலைத்தல் தகாது.

நாம் செய்யத்தக்கது

1946-இல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதம் சிதைவதற்குப் பெரும்பாலும் வலியுணர்வு இல்லாமையே காரணம் எனக் காட்டினார். மென்மையான ரப்பர்ச் செருப்பு அவர்களுடைய பாதங்களைக் காத்தது. அதே நெறி இன்று நீரிழிவுப் பாதங்களுக்கும் பயன்படுகிறது.

சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதே முதற்கடமை. அவ்வாறு தீவிரமாகக் கட்டுப்படுத்தியவர்களுக்கு நுண்குழாய்க் கேடுகள் 25 சதவீதம் குறைந்தன என்று 1998-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு காட்டிற்று. குன்னூரிலிருந்து 1958-இல் நம் ஹைதராபாத்துக்கு வந்த தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், தானியங்களிலிருந்து பெறும் சக்தி 45 சதவீதத்துக்கு மேற்படலாகாது என்கிறது. மூன்று வேளையும் அரிசியையே நம்பும் நம் இல்லங்கள் இதைச் சிந்திக்கவேண்டும்.

இரண்டாவது கடமை பாதத்தைப் பேணுதல். கீமேன் நாள்தோறும் தண்டவாளத்தைப் பார்த்து நடப்பது போல, நாமும் தினமும் பாதங்களையும் விரலிடுக்குகளையும் பார்க்கவேண்டும். குனிய இயலாத பெரியவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் உதவலாம். வீட்டினுள்ளும் செருப்பு அணிதல் நன்று. கோடையில் ஸ்கந்தகிரி முருகனைத் தரிசிக்கச் செல்வோர், கல் சுடாத காலை வேளையில் செல்லட்டும். சிறு புண்ணாயினும் மஞ்சள் பற்றுடன் காத்திராமல் அன்றே டாக்டரிடம் காட்டட்டும்.

மாலையில் ஐந்து நிமிடம் பாதத்துக்கென ஒதுக்கும் வழக்கத்தை இம்மாதமே நம் வீடுகளில் தொடங்குவோமாக.