வான்ஸே ஏரிக்கரை மாளிகை

பெர்லின் நகரின் தென்மேற்கு ஓரத்தில் வான்ஸே என்றொரு ஏரி இருக்கிறது. கோடையில் பாய்மரப் படகுகள் மிதக்கும் அதன் கரையில், விசாலமான தோட்டத்தின் நடுவே, கம்பீரமான மாளிகை ஒன்று நிற்கிறது. மார்லியர் என்னும் மருந்து வியாபாரி 1914-15ல் சுகவாசத்துக்காகக் கட்டுவித்த வீடு அது. 1921ல் அதை வாங்கிய மினூ என்னும் தொழிலதிபர், 1940ல் மோசடிக் குற்றத்துக்காகச் சிறைப்பட்டார். அதே ஆண்டில் நாஜிகளின் எஸ். எஸ். படையைச் சேர்ந்த ஸ்தாபனம் ஒன்று மாளிகையை விலைக்கு வாங்கி, விருந்தினர் விடுதியாக்கிற்று.

1942 ஜனவரி 20ந் தேதி, ஹைட்ரிச் தலைமையில் 15 பேர் அங்கே கூடினர். அவர்களை முரடர்கள் என்றோ மூடர்கள் என்றோ எண்ணிவிட வேண்டாம். பெரும்பாலோர் உயர்தர உத்தியோகஸ்தர்கள். பாதிக்கு மேற்பட்டோர் டாக்டர் பட்டம் பெற்ற அறிவாளிகள். யூதர்களைக் கொன்று குவிக்கும் கொடுமை முந்தின ஆண்டே தொடங்கிவிட்டது. ஐரோப்பா முழுவதிலும் 1 கோடியே 10 லட்சம் யூதர்களைக் கணக்கிட்டு, அக்கொடுமைக்கு ஸர்க்கார் இலாகாக்கள் யாவும் ஒத்துழைக்க ஏற்பாடு செய்வதே கூட்டத்தின் நோக்கம். சுமார் ஒன்றரை மணி நேரத்தில் காரியம் முடிந்தது. பின்னர் சிற்றுண்டி உண்டென்று அழைப்பிலேயே கண்டிருந்தது! நடவடிக்கைக் குறிப்பிலோ கொலையை 'வெளியேற்றம்' என்ற சொல்லால் மூடி மறைத்தார்கள். அக்குறிப்பின் 30 பிரதிகளில் ஒன்று 1947ல் அகப்பட்டது. உலகம் உண்மையை அறிந்தது.

ஆயினும் மாளிகையின் வாழ்வு வேறு திசையில் சென்றது. 1952 முதல் 1988 வரை அது பள்ளிக் குழந்தைகள் வந்து தங்கும் விடுதியாக விளங்கிற்று. ஆஷ்விட்ஸ் முகாமிலிருந்து உயிர் தப்பிய சரித்திராசிரியர் யோசப் வுல்ப், அங்கே ஓர் ஆராய்ச்சி நிலையம் அமைய வேண்டுமென்று 1965 முதல் மன்றாடினார். குழந்தைகளின் விடுதியைப் பறிப்பதா என்று சொல்லி, அதிகாரிகள் இணங்கவில்லை. மனம் உடைந்த அவர் 1974ல் தம் உயிரைத் தாமே மாய்த்துக் கொண்டார்.

கூட்டம் நடந்து சரியாக 50 ஆண்டுகள் நிறைந்த தினத்தில், 1992ல், மாளிகை நினைவு நிலையமாகத் திறக்கப்பட்டது. அங்குள்ள நூல் நிலையம் இன்று வுல்பின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

குழந்தைகளின் சிரிப்பொலி அந்தச் சுவர்களின் களங்கத்தைப் போக்கிவிடாதா என்று சிலர் கேட்கலாம். நமக்கு அப்படித் தோன்றவில்லை. முன்னோரின் வெற்றிகளை எந்தத் தேசமும் கல்லில் பொறித்துக் கொண்டாடும். தன் பழியையும் மறைக்காமல், அது நிகழ்ந்த அறையிலேயே பிள்ளைகளுக்கு எடுத்துக் காட்ட அதிகத் துணிவு வேண்டும். அந்தத் துணிவு வருவதற்கு 50 ஆண்டுகள் சென்றன. அதைக் காண வுல்ப் இல்லை.