நேருக்கு நேர் நிற்காத வேட்பாளர்கள்

இலங்கையில் 1982 முதல் 2024 வரை ஒன்பது ஜனாதிபதித் தேர்தல்கள் நடந்திருக்கின்றன. வெல்லக்கூடியவர்கள் என்று ஊரே பேசிக்கொண்ட இருவர் ஒரே மேசைக்கு வந்து, ஒருவர் சொன்னதற்கு மற்றவர் பதில் சொல்வதை ஒரு தேர்தலில்கூட நாங்கள் தொலைக்காட்சியில் பார்த்ததில்லை. நான் தெல்தெனியவில் இருக்கிறேன். பத்தாம், பதினோராம் தரப் பிள்ளைகளுக்குக் குடியியற் கல்வி படிப்பிக்கிறேன். ஜனநாயகம் என்ற அலகை ஒவ்வோர் ஆண்டும் படிப்பிக்கும்போது இந்தக் குறை என்னை உறுத்தும். 2024 செப்டம்பரில் அது உறுத்தலாக மட்டும் இருக்கவில்லை, கோபமாகவே வந்தது.

எங்கள் தேர்தல் செப்டம்பர் 21ஆம் திகதி. அதற்குப் பத்து நாள் முன்னர், 11ஆம் திகதி புதன்கிழமை காலை ஆறரைக்கு, அமெரிக்காவில் டொனால்ட் டிரம்ப்பும் கமலா ஹாரிஸும் விவாதத்துக்கு நின்றார்கள். அங்கே 10ஆம் திகதி இரவு ஒன்பது மணி. பிலடெல்பியாவில் பார்வையாளர் இல்லாத மண்டபம், ஏபிசி தொலைக்காட்சியின் இரண்டு நெறியாளர்கள், ஒருவர் பேசும்போது மற்றவரின் ஒலிவாங்கி மூடப்படும் என்ற விதி. தேநீரை ஊற்றி வைத்துவிட்டு நான் பாடசாலைக்குக் கிளம்பும் வரை பார்த்தேன். பக்கத்து வீட்டு நானாவுக்குத் திகனவில் புடவைக் கடை. கடை திறக்க நேரம் இருந்ததால் அவரும் வந்து உட்கார்ந்தார். ஹாரிஸின் தாய் சியாமளா கோபாலன் தமிழ்க் குடும்பத்துப் பெண் என்பதால் என் அம்மாவுக்கும் பார்க்க ஆசை. ஆங்கிலம் விளங்காவிட்டாலும் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தொடக்கத்திலேயே ஹாரிஸ் மேடையைக் கடந்து போய் டிரம்ப்பிடம் கைநீட்டினார். நானா அதைப் பார்த்துச் சொன்னது இது: "டீச்சர், பிடிக்குதோ பிடிக்கல்லயோ, ரெண்டு பேரும் ஒரே எடத்துக்கு வந்து நிக்கிறாங்க தானே. நம்ம ஆக்கள இப்பிடிக் கொண்டுவந்து நிப்பாட்ட ஏலாதா?"

பாடசாலையில் பிள்ளைகளின் பேச்சு வேறு. இடைவேளைக்குள் விவாதத்தின் துண்டுகள் எல்லோர் வீட்டு போன்களுக்கும் வந்துவிட்டன. ஒஹாயோ மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில் குடியேறிகள் அயலவரின் நாய் பூனைகளைத் தின்கிறார்கள் என்று டிரம்ப் சொன்ன துண்டும் அவற்றில் ஒன்று. பின்னேரம் ஒரு மாணவி, "டீச்சர், அது யாரோ செஞ்ச வீடியோ தானே? உண்மையா அவர் சொன்னாரா?" என்று கேட்டாள். சொன்னார் என்றேன். அவர் சொன்ன அந்த நிமிடமே நெறியாளர் டேவிட் மூயர் குறுக்கிட்டு, அந்த நகர நிர்வாகத்திடம் விசாரித்ததாகவும் அப்படி நம்பத்தகுந்த முறைப்பாடு எதுவும் இல்லை என்று அவர்கள் கூறியதாகவும் சொன்னார். பிள்ளைகளுக்கு வந்த துண்டில் அந்தப் பகுதி இல்லை. முழு விவாதத்தைப் பார்ப்பதற்கும் வெட்டியெடுத்த துண்டைப் பார்ப்பதற்கும் உள்ள தூரம் அன்று வகுப்பறையிலேயே தெரிந்தது. வதந்தி என்ன செய்யும் என்று எங்கள் ஊருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 2018 மார்ச்சில் திகனவிலும் தெல்தெனியவிலும் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தபோது, அரசாங்கம் அவசரகால நிலையை அறிவித்து, பேஸ்புக்கையும் வாட்ஸ்அப்பையும் சில நாள் முடக்கி வைத்தது. அந்த நாள்களை நானாவின் கடைக் கதவு இன்னும் மறக்கவில்லை.

தொலைக்காட்சி விவாதம் என்றதும் எல்லோரும் 1960ஐச் சொல்வார்கள். அந்த ஆண்டு செப்டம்பர் 26இல் சிக்காகோவில் கென்னடியும் நிக்சனும் முதன்முதலாக எதிரெதிரே நின்றார்கள். நிக்சன் முழங்கால் நோயால் மருத்துவமனையில் கிடந்து வந்தவர். மெலிந்து வெளிறிய முகம், பின்சுவரோடு கலந்துபோன சாம்பல் நிற உடுப்பு. வானொலியில் கேட்டவர்கள் நிக்சன் வென்றார் என்றார்கள், தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் கென்னடி வென்றார் என்றார்கள் என்ற கதையைப் பல கட்டுரைகளில் படித்திருக்கலாம். அந்தக் கதைக்கு ஆதாரம் மிக மெலிந்தது. வானொலி நேயர்கள் மிகச் சிலரை மட்டும் கேட்ட ஒரு கருத்துக்கணிப்பு அது என்று ஆய்வாளர்கள் பின்னர் காட்டியிருக்கிறார்கள்.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது 1976. ஜெரால்ட் ஃபோர்டு அன்றைய ஜனாதிபதி. ஜிம்மி கார்ட்டருடன் நடந்த இரண்டாவது விவாதத்தில், கிழக்கு ஐரோப்பாவில் சோவியத் ஆதிக்கம் இல்லை என்று சொல்லிவிட்டார். விவாதம் முடிந்த கையோடு கேட்டபோது ஃபோர்டே நன்றாகச் செய்தார் என்றவர்கள்தான் அதிகம். மறுநாள் முழுக்கச் செய்திகளில் அந்த ஒரு பிழையே அலசப்பட்டது. மறுநாள் இரவு கேட்டபோது கார்ட்டர்தான் வென்றார் என்று பெரும்பாலோர் சொன்னார்கள். பேச்சு மாறவில்லை, தீர்ப்பு மாறியது. பார்த்தவரின் தீர்ப்பு பார்த்த இடத்திலேயே முடிந்துவிடுவதில்லை. பஸ்ஸிலும் தேத்தண்ணிக் கடையிலும் ஆசிரியர் அறையிலும் அடுத்த நாள் பேசிப் பேசித்தான் அது உருவாகிறது. விவாதம் நடந்தால் பேசுவதற்குப் பொதுவான ஒன்று இருக்கும். நடக்காவிட்டால் ஒவ்வொருவரும் தன் கட்சிக்காரர் அனுப்பிய துண்டை வைத்துக்கொண்டு பேசுவார்கள்.

விவாதத்தில் வென்றவர் தேர்தலில் வெல்வார் என்று நான் சொல்லவில்லை. டிரம்ப், ஹாரிஸ் விவாதத்தைப் பார்த்தவர்களிடம் சிஎன்என் அன்றே நடத்திய கருத்துக்கணிப்பில் 63 வீதத்தினர் ஹாரிஸ் சிறப்பாகச் செய்தார் என்றார்கள். நவம்பரில் டிரம்ப் வென்றார். ஆனால் அதே ஆண்டு ஜூன் 27இல் டிரம்ப்புடன் விவாதித்த அன்றைய ஜனாதிபதி பைடன் வார்த்தை தடுமாறி நின்றதை 5 கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள், ஜூலை 21இல் அவர் போட்டியிலிருந்தே விலகினார். வயதைப் பற்றி மாதக்கணக்காகக் கட்சிக்குள் மூடி வைத்திருந்த கேள்வியை ஓர் இரவு திறந்துவிட்டது. விவாதத்தால் ஆகக்கூடியது அதுதான், அது சின்ன விஷயம் இல்லை.

எங்கள் நாட்டுக்கு வருகிறேன். 2019 ஒக்டோபர் 5ஆம் திகதி கொழும்பு சுகததாச உள்ளரங்கில், மார்ச் 12 இயக்கம் என்ற சிவில் சமூகக் கூட்டமைப்பு வேட்பாளர்களை ஒரே மேடைக்கு அழைத்தது. இலங்கை ஜனாதிபதித் தேர்தல் வரலாற்றில் அப்படியொரு முயற்சி அதுவே முதல். பின்னர் வென்ற கோட்டாபய ராஜபக்ஷ அங்கே வரவில்லை. தன்னோடு விவாதத்துக்கு வரும்படி எதிர் வேட்பாளர் சஜித் பிரேமதாச பல முறை அழைத்தும் அவர் போகவில்லை. நவம்பர் 16இல் 52.25 வீத வாக்குகளோடு வென்றார்.

அந்த மேடையில் என்ன கேட்டிருக்கலாம்? கோட்டாபயவின் கொள்கைப் பிரகடனத்தில் பெரிய வரிக்குறைப்பு இருந்தது. அதனால் குறையும் வருமானத்தை எங்கிருந்து ஈடுசெய்வீர்கள் என்று எதிர் வேட்பாளர் முகத்துக்கு நேரே கேட்டிருக்கலாம். அதே ஆண்டு டிசம்பர் 1 முதல் வற் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதமானது. பத்து ஆண்டுகளில் சேதனப் பசளைக்கு மாறுவோம் என்றும் அதில் இருந்தது. எப்படி, எந்தப் பயிரிலிருந்து தொடங்குவீர்கள் என்று கேட்டிருக்கலாம். 2021 மேயில் ஒரே வர்த்தமானியில் இரசாயனப் பசளை இறக்குமதி நின்றது, நவம்பரில் அந்தத் தடை கைவிடப்பட்டது. இடையில் போன போகங்கள் போனவைதான். உடுதும்பறைப் பக்கம் மரக்கறி போடுகிற சிங்கள விவசாயி ஒருவர் எங்கள் சந்தைக்கு வருவார். அந்த ஆண்டு போஞ்சிக்கொடி மஞ்சளாகி நின்றதைப் பற்றி அவர் இன்றும் பேசுவார். 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியது. ஒரு விவாதம் இவ்வளவையும் தடுத்திருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கேள்விகளைத் தேர்தலுக்கு முன்னரே கேட்கும் உரிமை எங்களுக்கு இருந்தது, அது தரப்படவில்லை.

2024இலும் கதை மாறவில்லை. மே, ஜூன் மாதங்களில் தேசிய மக்கள் சக்தியும் ஐக்கிய மக்கள் சக்தியும் பொருளாதார விவாதத்துக்கு ஒருவருக்கொருவர் திகதி கொடுத்தார்கள், கடிதம் அனுப்பினார்கள், ஊடகச் சந்திப்பு நடத்தினார்கள். அநுர குமார திசாநாயக்கவும் சஜித் பிரேமதாசவும் கடைசி வரை எதிரெதிரே அமரவில்லை. பதவியில் இருந்த ரணில் விக்கிரமசிங்கவையும் சேர்த்து அந்த மூவரும் சர்வதேச நாணய நிதியத்தின் உடன்படிக்கையைப் பற்றி மூன்று விதமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். மூன்றும் வெவ்வேறு நாள், வெவ்வேறு மேடை, வெவ்வேறு தொலைக்காட்சி.

றங்கலப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து எங்கள் பாடசாலைக்கு வரும் ஒரு பிள்ளையின் பாட்டி கொழுந்து எடுத்து ஓய்ந்தவர். தோட்டச் சம்பளம் 1,700 ரூபா என்று மே தினத்தில் அறிவிக்கப்பட்டு, தேர்தல் வாசலில் 1,350 ரூபா அடிப்படைச் சம்பளமாக வந்து நின்ற நேரம். பெற்றோர் கூட்டத்துக்கு வந்தவரிடம் தேர்தலைப் பற்றிக் கேட்டேன். "எல்லாருந்தான் தாரேன்னு சொல்றாங்க டீச்சரம்மா. ஒருத்தரு சொல்லையில மத்தவரு பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டு இருக்கணும். அப்ப சொல்லச் சொல்லுங்க, பாப்போம்" என்றார். தொலைக்காட்சி விவாதத்தின் பயனை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடநூலிலும் நான் படித்ததில்லை.

எங்கள் வாக்குமுறையே விவாதத்தை வேண்டி நிற்கிறது என்பது பலர் கவனிக்காத ஒன்று. இங்கே வாக்குச்சீட்டில் 1, 2, 3 என்று விருப்பத்தைக் குறிக்கலாம். யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால், முதல் இருவரைத் தவிர்த்த மற்றவர்களின் சீட்டுகளில் அடுத்த விருப்பம் எண்ணப்படும். 2024இல்தான் முதன்முறையாக அப்படி எண்ண வேண்டி வந்தது. முதல் சுற்றில் அநுர குமார திசாநாயக்கவுக்கு 56,34,915, சஜித் பிரேமதாசவுக்கு 43,63,035. மற்ற 36 பேருக்கும் சேர்த்து விழுந்தவை சுமார் 33 இலட்சம். அந்த 33 இலட்சத்தில் அடுத்த விருப்பமாக இந்த இருவருக்கும் போய்ச் சேர்ந்தவை 2,73,131 மட்டுமே. பத்தில் ஒன்றுகூட இல்லை. சிலர் வேண்டுமென்றே குறிக்காமல் விட்டிருப்பார்கள், அது அவர்கள் உரிமை. ஆனால் தனக்குப் பிடித்தவரை மட்டும் அவருடைய கூட்டத்திலும் அவருடைய காணொளியிலும் பார்த்துப் பழகிய ஒருவர், இரண்டாவதாக யாரைக் குறிப்பது என்று எதை வைத்து யோசிப்பார்? எல்லோரையும் ஒரே மேடையில், ஒரே கேள்விக்குப் பதில் சொல்லக் கண்டால்தானே அந்த எண்ணமே வரும்.

மொழியையும் சொல்ல வேண்டும். இங்கே நடக்கிற பெரிய அரசியல் நேர்காணல்கள் பெரும்பாலும் சிங்களத்தில். நான் விளங்கிக்கொள்வேன், என் மாணவர்களில் பலரும் விளங்கிக்கொள்வார்கள். என் அம்மாவும் அந்தத் தோட்டத்துப் பாட்டியும் அடுத்த நாள் யாராவது சுருக்கிச் சொல்வதைத்தான் கேட்கிறார்கள். விவாதம் ஒன்று நடந்தால், சிங்களமும் தமிழும் ஒரே நேரத்தில் ஒலிக்க வேண்டும். தமிழ் நெறியாளர் ஒருவர் தமிழிலேயே கேள்வி கேட்க வேண்டும். அரச தொலைக்காட்சிக்கு நேத்ராவும் வசந்தமும் தமிழ் அலைவரிசைகளாக ஏற்கெனவே இருக்கின்றன. தமிழில் கேட்கப்பட்டால்தான் 2018 மார்ச் பற்றியும் தோட்டக் காணி பற்றியும் கேள்வி வரும் என்று நான் நம்புகிறேன்.

முன்னணியில் நிற்பவர் விவாதத்துக்கு வரமாட்டார் என்பது இலங்கைக்கு மட்டும் உரிய குணம் அல்ல. 1960க்குப் பின் அமெரிக்காவிலேயே 1976 வரை ஜனாதிபதி விவாதம் இல்லை. 1968இலும் 1972இலும் நிக்சன் மறுத்தார். இந்தியாவில் 2024 மே மாதம் ஓய்வுபெற்ற நீதியரசர்கள் மதன் லோக்கூரும் ஏ.பி. ஷாவும் பத்திரிகையாளர் என். ராமும் நரேந்திர மோடியையும் ராகுல் காந்தியையும் பொது விவாதத்துக்கு அழைத்துக் கடிதம் எழுதினார்கள். ராகுல் ஒப்புக்கொண்டார், விவாதம் நடக்கவில்லை. வெல்லப்போகிறோம் என்று நினைப்பவருக்கு அந்த மேடையில் இழப்பதற்கு மட்டுமே இருக்கிறது. ஆகவே அவருடைய நல்ல மனதை நம்பிப் பயனில்லை.

ஆர்ஜென்டினா இதற்குச் சட்டம் செய்தது. 2015 தேர்தலின் முதல் விவாதத்துக்கு முன்னணி வேட்பாளர் டானியல் சியோலி வராமல் போனார், அவருடைய இடம் வெறுமையாகத் திரையில் தெரிந்தது. அடுத்த ஆண்டே ஜனாதிபதி வேட்பாளர் விவாதத்தைக் கட்டாயமாக்கும் சட்டம் வந்தது. வராதவரின் இடம் வெறுமையாகவே விடப்படும், அவருக்கு அரசு தரும் இலவச ஒளிபரப்பு நேரம் மற்ற வேட்பாளர்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்படும்.

நானாவிடம் இதைச் சொன்னபோது, "நம்ம ஊர்லயும் அந்த இலவச நேரம் இருக்கு தானே டீச்சர்" என்றார். இருக்கிறது. 1981ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஜனாதிபதித் தேர்தல்கள் சட்டத்தின் கீழ் வேட்பாளர்களுக்கு அரச வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பேச நேரம் கிடைக்கிறது. 1982 ஒக்டோபர் தேர்தலின்போது ரூபவாஹினிக்கு எட்டு மாத வயது. அப்போது நான் சிறுபிள்ளை. ஒவ்வொரு வேட்பாளரும் தனித்தனியே வந்து பேசிவிட்டுப் போவதை அப்பா வானொலியில் கேட்டுக்கொண்டிருப்பார். அந்த நேரம் விக்டோரியா அணைக்கட்டு கட்டப்பட்டுக்கொண்டிருந்தது. 122 மீற்றர் உயர அணை, அதற்குப் பின்னால் நிறையப்போகும் தண்ணீருக்குக் கீழே பழைய தெல்தெனிய நகரம். கடை, பாடசாலை, விகாரை எல்லாவற்றையும் விட்டு மேட்டுக்கு ஏறப்போகிற குடும்பங்களுக்கு எந்தக் காணி, எவ்வளவு நட்டஈடு என்று ஆளும் வேட்பாளரையும் எதிர் வேட்பாளரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்க யாருக்கும் வாய்ப்பு இருக்கவில்லை.

அடுத்த ஜனாதிபதித் தேர்தல் 2029இல் வரவேண்டும். திருத்தம் செய்ய வேண்டியது அந்த 1981 சட்டத்தைத்தான்: வேட்புமனுவுக்கும் வாக்களிப்புக்கும் இடையில் இரு மொழியிலும் குறைந்தது இரண்டு விவாதம், நடத்துவது தேர்தல்கள் ஆணைக்குழு, வராதவருக்கு இலவச நேரம் இல்லை. வேட்புமனு கொடுத்த பிறகு இதற்கு எந்தக் கட்சியும் கை உயர்த்தாது. யார் முன்னணியில் நிற்பார் என்று எவருக்கும் தெரியாத இப்போதே இதைப் பாராளுமன்றத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.