கழற்றிய தகட்டை எடைக்குப் போடுமுன்

எண்ணெய்ப் பசையுள்ள மையும் நீரும் ஒட்டாது என்னும் இயல்பின் மீது நிற்பது ஆஃப்செட் அச்சுமுறை. அதில் பயன்படும் அச்சுத் தகடு, அதாவது பிளேட், பெரும்பாலும் 0.15 முதல் 0.30 மில்லிமீட்டர் வரை தடிமனுள்ள அலுமினியத் தாளாகும். நுண்ணிய சொரசொரப்பு ஏற்றப்பட்ட அதன் முகத்தில் பூச்சு எஞ்சிய உருப்பகுதி மையை ஏற்க, பூச்சு நீங்கிய வெற்றுப்பகுதி நீரைப் பிடித்துக்கொண்டு மையை விலக்குகிறது. தகட்டின் மை, 'பிளாங்கெட்' எனப்படும் ரப்பர் விரிப்புக்கு மாறி, அங்கிருந்துதான் காகிதத்தை அடைகிறது. எனவே உருளை, நீர்க்கரைசல், ரப்பர், காகிதம் ஆகியவற்றுள் எதில் குறை இருந்தாலும் அது இறுதியில் தகட்டின் காயமாகவே தென்படுகிறது. பழியோ தகடு விற்றவர் மீதோ, இயந்திரம் ஓட்டியவர் மீதோ விசாரணையின்றி விழுகிறது.

ஆடிப்பெருக்கு நாளில் புத்தாண்டு நாட்காட்டிகளின் மாதிரி ஆல்பங்கள் வெளிவந்து ஆர்டர்கள் குவியத் தொடங்கும் சிவகாசி போன்ற அச்சு நகரங்களில், ஓட்டத்தின் நடுவே கெட்டுப்போன தகட்டைக் கழற்றிப் பழைய அலுமினியத்தோடு எடைக்குப் போட்டுவிட்டு, புதுத் தகட்டை மாட்டி வேலையைத் தொடர்வது எளிது. ஆனால் இழப்பை யார் ஏற்பது என்னும் வழக்கு எழும்போது, அதைத் தீர்க்கக்கூடிய ஒரே பொருள் அதற்குள் உருக்கப்பட்டிருக்கும்.

காயம் எங்கே, எந்த வடிவில் இருக்கிறது என்பதே அதன் காரணத்தைப் பெரும்பாலும் சொல்லிவிடும். காகிதத்தின் விளிம்பு படும் கோட்டில் மட்டும் உரு தேய்ந்திருந்தால், வெட்டு விளிம்பிலிருந்து உதிர்ந்த காகிதத் தூசி ரப்பரில் படிந்து உப்புத்தாளைப் போல் அராவியிருக்கிறது என்று கொள்ளலாம். சுற்றுத் திசையில் ஒரு பட்டையாகத் தேய்ந்திருந்தால், அவ்விடத்தில் உருளையின் அழுத்தம் மிகுந்திருப்பதையோ, உருளையின் முனை உப்பியிருப்பதையோ சோதிக்க வேண்டும். தகடு முழுவதும் ஒரே சீராகத் தேய்ந்திருந்தால், தகட்டுக்கும் ரப்பருக்கும் அடியில் வைக்கும் பேக்கிங் அளவுக்கு மிஞ்சியதா என்று அளந்து பார்ப்பது முதல் வேலை. தேய்மானமே இல்லாமல் உருப்பகுதி மையை ஏற்க மறுப்பது வேறு நோய். வெற்றுப்பகுதியைக் காக்கப் பூசும் கோந்து உருவின் மேலும் உலர்ந்து படிவது, தகடு கழுவும் திரவம் கடுமையாக இருப்பது ஆகியவை அதன் வழக்கமான காரணங்கள். மாறாக, நீண்ட நேரம் இயந்திரம் நின்றபோது கோந்து பூசாமல் விட்ட தகட்டில் ஈரம் மெல்ல உலர்ந்து, அலுமினியம் அரிக்கப்பட்டு, வெற்றுப்பகுதியில் புள்ளி புள்ளியாக மை பிடிக்கும். மடிப்போரத்தில் விரிசல் கண்டால், மடிப்பு, தகட்டைத் தாங்கும் சிலிண்டரோடு பொருந்தவில்லை, அல்லது தகடு தளர்வாகவோ அளவுக்கு மீறி இறுக்கியோ மாட்டப்பட்டிருக்கிறது. அதைப் பொருட்படுத்தாமல் ஓட்டினால், கிழிந்த துண்டு உள்ளே சிக்கி ரப்பரையும், அதைவிட விலைமிக்க சிலிண்டரையும் சிதைக்கும்.

தகட்டின் குறையா, இயந்திரத்தின் குறையா என்ற ஐயத்தைத் தீர்க்கச் செலவில்லாத வழி ஒன்றுண்டு. நான்கு வண்ண வேலைக்கு ஒரே பெட்டியிலிருந்து எடுத்து ஒரே நேரத்தில் கழுவப்பட்ட நான்கு தகடுகளுள் ஒன்று மட்டும் திரும்பத் திரும்பக் கெட்டால், முதலில் ஐயுறத்தக்கது அந்த வண்ணத்தை அச்சிடும் இயந்திரப் பகுதியான யூனிட்டே. நான்கும் ஒருசேரக் கெட்டால் பெட்டியையும், தகடு கழுவிய முறையையும், நான்குக்கும் பொதுவான நீர்க்கரைசலையும் ஆராய வேண்டும். அக்கரைசலின் அமிலநிலை (pH) பொதுவாக 4.5-க்கும் 5.5-க்கும் இடையில் இருக்க வேண்டும் என்பதால், அன்றைய அளவைக் குறித்து வைப்பதும் சான்றாகும்.

அவசரத்தில் செய்யும் பழுதுநீக்கம் ஆளுக்கே ஆபத்தாகலாம். ஓடும் தகட்டைத் துணியால் துடைப்பது, உருளைகள் கூடும் இடுக்கில் விரல்களை இழக்கும் வழி. கழுவும் கரைப்பான்களும் தீங்கற்றவை அல்ல. ஜப்பானின் ஒசாகா நகர அச்சகம் ஒன்றின் தொழிலாளர்களிடையே பித்தநாளப் புற்றுநோய் மிகுந்திருந்தது 2012-இல் வெளிப்பட்டது. அங்கு ரப்பர் துடைக்கப் பயன்பட்ட 1,2-டைகுளோரோபுரொப்பேன் என்னும் கரைப்பானை, மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2014-இல் வகைப்படுத்தியது.

தகடே குறையுடையது என்று தெரிந்தால், தகடு, பெட்டியின் தொகுதி எண், ரசீது, கெடுவதற்கு முன்னும் பின்னும் அச்சான தாள்கள் ஆகியவற்றை எடுத்து வைத்து, விற்றவருக்கு எழுத்து வடிவில் உடனே தெரிவிக்க வேண்டும். நியாயமான காலம் கடந்தும் பேசாதிருந்தால், சரக்கை ஏற்றுக்கொண்டதாகவே 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் கருதும். வணிக நோக்கத்திற்கு வாங்கியவரை 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராக ஏற்பதில்லை. எனினும் சுயதொழிலால் பிழைப்பதற்கென்றே வாங்கிய சிறு அச்சகத்தார் அவ்விலக்கில் அடங்கமாட்டார். அவர் 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட ஆணையத்தை அணுகலாம்; தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

மங்கிய அச்சைக் காரணம் காட்டி வாடிக்கையாளர் பணத்தை நிறுத்துவதும் உண்டு. பதிவுபெற்ற குறு, சிறு நிறுவனத்திடம் வாங்கியவர், பொருள் கைக்கு வந்த 15 நாட்களுக்குள் எழுத்தில் மறுப்புத் தெரிவிக்காவிட்டால் ஏற்றுக்கொண்டதாகக் கொள்ளப்படும் என்று 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் கூறுவதால், இரு தரப்பும் அந்த நாளைக் குறித்து வைப்பது நல்லது.

இவை அனைத்திலும் வலுவற்ற தரப்பு, 'பிளேட்டைக் கெடுத்தாய்' என்று கூலி பிடிக்கப்படும் தொழிலாளி. 1936-ஆம் ஆண்டின் ஊதியப் பட்டுவாடாச் சட்டம் கூறிவந்த அதே விதியையே, அதன் இடத்துக்கு வந்துள்ள 2019-ஆம் ஆண்டின் ஊதியத் தொகுப்புச் சட்டமும் இதில் கூறுகிறது: ஒப்படைக்கப்பட்ட பொருள் தொழிலாளியின் கவனக்குறைவாலேயே நேரடியாகச் சேதமடைந்திருக்க வேண்டும், அவர் தம் தரப்பைச் சொல்ல வாய்ப்பளிக்கப்பட்டிருக்க வேண்டும், பிடிக்கும் தொகை உண்மையான இழப்பை மீறக்கூடாது. ஆகவே கூலியில் கைவைக்கப்படும் தொழிலாளி, கெட்ட தகட்டைக் காட்டுமாறு கேட்கலாம், கேட்க வேண்டும்.