முடியைக் கருக்காத வெப்பம்: ஸ்ட்ரெய்ட்னர் வாங்கும் முன் அறிய வேண்டியவை

முன்பு அழகு நிலையங்களில் மட்டுமே காணப்பட்ட ஸ்ட்ரெய்ட்னர், அதாவது சூடான இரு தகடுகளுக்கு இடையே முடியை அழுத்தி இழுத்து நேராக்கும் மின்கருவி, இன்று மதுரை மாநகரிலும் மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி போன்ற சுற்றுப்புற ஊர்களிலும் வீட்டுப் பொருளாகிவிட்டது. தகட்டின் மேற்பூச்சும், எத்தனை நொடியில் சூடேறும் என்ற விளம்பரமுமே வாங்குவோர் கண்ணில் முதலில் படுகின்றன. முடியைக் காப்பதோ இவ்விரண்டும் அல்ல. வெப்பத்தைக் குறைத்து வைப்பதற்கும், வைத்த அளவைத் தாண்டாமல் நிறுத்துவதற்கும் அக்கருவிக்கு உள்ள திறனே முடியைக் காக்கிறது.

முடிக்குள் நிகழ்வது என்ன?

தலைமுடி கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. அதன் வெளிப்புறத்தில் ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த மெல்லிய செதிலடுக்கும், உள்ளே முடிக்கு வலிமை தரும் புறணி என்னும் பகுதியும் உள்ளன. புறணியில் உள்ள புரத இழைகளைப் பலவகைப் பிணைப்புகள் கட்டி வைத்திருக்கின்றன; அவற்றுள் ஹைட்ரஜன் பிணைப்பு நீராலும் வெப்பத்தாலும் எளிதில் அவிழ்ந்து, முடி உலர்ந்து குளிரும்போது மீண்டும் கூடுவது. கந்தக அணுக்கள் இணைந்து உருவாகும் டைசல்ஃபைடு பிணைப்போ உறுதியானது, வேதிப்பொருள் இன்றி எளிதில் குலையாதது. ஸ்ட்ரெய்ட்னர் ஹைட்ரஜன் பிணைப்பை அவிழ்த்து நேரான நிலையில் மீண்டும் கூடச் செய்கிறது. ஆகவே அதன் பலன் அடுத்த ஈரம் படும்வரைதான். சித்திரைத் திருவிழாக் கூட்டத்தின் வியர்வையிலும், ஐப்பசி மழைக்காலத்தின் காற்று ஈரப்பதத்திலும் முடி மீண்டும் சுருள்வது இதனால்தான். இதைக் கருவியின் குறையாகக் கருதி வெப்பத்தை மேலும் கூட்டுவதே மிகப் பரவலான தவறு. எவ்வளவு கூட்டினாலும் ஈரம் பட்டால் முடி பழைய வடிவுக்குத் திரும்பவே செய்யும், சேதம் மட்டுமே மிஞ்சும்.

வெப்பத்தின் எல்லை

உலர்ந்த முடியின் கெரட்டின் ஏறத்தாழ 230 டிகிரி செல்சியஸில் தன் அமைப்பை இழந்து உருக்குலையத் தொடங்குகிறது. நனைந்த முடியில் இந்த எல்லை 120 முதல் 150 டிகிரிக்குள்ளேயே வந்துவிடுகிறது. ஈர முடியைச் சூடான தகட்டில் வைக்கும்போது எழும் 'சுர்' என்ற ஓசை, உள்ளே சிக்கிய நீர் ஒரே நொடியில் ஆவியாவதன் அறிகுறி. அந்த ஆவி வெளியேற வழியின்றி முடிக்குள் குமிழ்களை உண்டாக்குவதும், குமிழ் விழுந்த இடத்தில் முடி முறிவதும் மருத்துவத்தில் 'குமிழ் முடி' என்று பெயரிடப்பட்ட கோளாறாகும்.

மெல்லிய முடிக்கும் சாயம் பூசிய முடிக்கும் 150 டிகிரியை ஒட்டிய வெப்பமும், நடுத்தர முடிக்கு 160 முதல் 180 வரையும் போதும். தடித்த, அடர்ந்த சுருள் முடிக்குக்கூட 200 டிகிரியைத் தாண்டத் தேவையில்லை. ஒரே இடத்தில் தகட்டை நிறுத்தாமல், ஒரு கற்றையை ஒருமுறை சீராக இழுத்துவிடுவது, குறைந்த வெப்பத்தில் ஐந்தாறு முறை தேய்ப்பதைவிட நல்லது.

நீண்ட பின்னல் உடையோர் இன்னொன்றையும் எண்ண வேண்டும். முடி மாதத்துக்குச் சுமார் 1 சென்டிமீட்டர் வளர்வதால், இடுப்பைத் தொடும் கூந்தலின் நுனி ஐந்தாண்டுக்கு முன் தலையில் முளைத்தது. அத்தனை ஆண்டு வெயிலும் சீப்பும் சலவையும் தாங்கிய அந்த நுனிக்கு வேர்ப்பகுதிக்குரிய வெப்பத்தைத் தருவது கொடுமை. முடியின் தண்டு உயிரற்றது என்பதால், பிளந்த நுனியை ஒட்டவைக்கும் மருந்தோ தைலமோ கிடையாது; வெட்டுவதொன்றே வழி.

கருவியில் பார்க்க வேண்டியவை

வெப்பத்தை எண்ணாகக் காட்டி, படிப்படியாகக் கூட்டவும் குறைக்கவும் இடம் தரும் கருவியே வாங்கத் தக்கது. 'ஆன், ஆஃப்' பொத்தான் மட்டும் உள்ள மலிவான கருவியில் தகடு எவ்வளவு சூடாகிறது என்பதை அறிய வழியே இல்லை. செராமிக் தகடு வெப்பத்தைச் சீராகப் பரப்புவதால் பெரும்பாலோருக்கு ஏற்றது. டைட்டேனியம் தகடு விரைவாகச் சூடேறுவது; பழகிய கைகளிடம் விடுவது நல்லது. வெறும் உலோகத்தின் மேல் மெல்லிய செராமிக் பூச்சு மட்டும் உள்ள கருவியில் பூச்சு உரிந்ததும் அடி உலோகம் முடியைக் கவ்வத் தொடங்கும். அப்போது கருவியை மாற்றிவிட வேண்டும். தகட்டின் ஓரம் வளைவாக இருப்பதும், சற்றே அசைந்து கொடுக்கும் தகடும் முடி இழுபடுவதைக் குறைக்கின்றன. மறந்து வைத்துவிட்டால் தானே அணையும் வசதி, குழந்தைகள் உள்ள வீட்டில் தவிர்க்கக் கூடாதது.

அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் கருவி அந்நாட்டின் 120 வோல்ட்டுக்கு மட்டும் செய்யப்பட்டதாக இருந்தால், இங்குள்ள 230 வோல்ட்டில் அது எரிந்துபோகும். கைப்பிடியில் '100–240' என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்த பின்னரே செருக வேண்டும்.

தண்ணீரும் எண்ணெயும்

மதுரைச் சமவெளியின் போர் தண்ணீர் பல இடங்களில் உப்பும் கடினத்தன்மையும் மிக்கது. அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் முடியின் செதில்களில் படிந்து சொரசொரப்பை உண்டாக்குவதால், முடி தகட்டில் வழுக்காமல் உராய்கிறது. கடைசி அலசலுக்கு மட்டுமாவது குடிநீர்க் குழாய்த் தண்ணீரைப் பயன்படுத்துவது எளிய தீர்வு. குளிப்பதற்கு முன் தேய்க்கும் தேங்காய் எண்ணெய் முடியின் புரத இழப்பைக் குறைக்கிறது என்பதை 2003இல் வெளிவந்த இந்திய ஆய்வு ஒன்று காட்டியது. எண்ணெய் தேய்த்த தலையிலேயே ஸ்ட்ரெய்ட்னரை வைப்பது வேறு. அங்கே எண்ணெய் சூடேறிப் புகையும்.

ரசாயனத்தோடு சேரும்போது

அழகு நிலையங்களின் கெரட்டின் சிகிச்சை உண்மையில் ஸ்ட்ரெய்ட்னரின் வேலையைப் பெருக்கும் ஒன்று: தடவிய பசையை மிகுந்த வெப்பத்தில் முடியோடு பதிக்கிறார்கள். பசையில் ஃபார்மால்டிஹைடு இருந்தால் அது ஆவியாகிக் கண்ணையும் மூச்சையும் எரிக்கும். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக வகைப்படுத்தியுள்ளது. அதற்கு மாற்றாக வந்த கிளையாக்ஸிலிக் அமிலமும் பாதுகாப்பானதன்று. 26 வயதுப் பெண் ஒருவருக்கு 2020, 2021, 2022 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் முடி நேராக்கிய ஒவ்வொரு முறையும் சிறுநீரகம் திடீரெனப் பழுதடைந்ததைப் பிரான்ஸ் நாட்டு மருத்துவர்கள் 2024இல் பதிவுசெய்தனர்.

அமெரிக்காவில் 33,497 பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2022இல் வெளியான ஆய்வில், ஆண்டுக்கு நான்கு முறைக்கு மேல் ரசாயன நேராக்கிகளைப் பயன்படுத்தியோரிடம் கருப்பைப் புற்றுநோய் இரு மடங்குக்கும் மேலாகக் காணப்பட்டது. இது தொடர்பைக் காட்டுவதேயன்றிக் காரணத்தை நிறுவுவதன்று என்றாலும், புறக்கணிக்கத் தக்கதன்று. பசையின் உட்பொருள் பட்டியலைக் கேட்டுப் பார்ப்பது வாடிக்கையாளரின் உரிமை. காட்ட மறுக்கும் இடத்தில் எழுந்து வந்துவிடலாம்.

முறிவா, உதிர்வா?

சூட்டால் கெடும் முடி நடுவில் முறியும், நுனியில் பிளக்கும். அடியில் சிறு வெண்ணிற வேர்முண்டோடு கற்றை கற்றையாக உதிர்ந்தால், இரத்தசோகை, தைராய்டு குறைபாடு, அண்மைய காய்ச்சல், பேறுகாலம் போன்ற காரணங்களை ஆராய வேண்டும். அதற்குக் கருவியை மாற்றிப் பயனில்லை. இத்தகையோரும், தலைத்தோலில் புண்ணோ கொப்புளமோ உடையோரும், புதிய கருவிக்கும் பசைக்கும் செலவிடும் முன், மதுரை அரசு இராசாசி மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவிலோ அருகிலுள்ள தோல் மருத்துவரிடமோ ஒருமுறை காட்டிவிட வேண்டும்.