இங்கிலீஷ் பேப்பரா? பயம் எதுக்கு!

காலாண்டுத் தேர்வில், பத்தியைப் படித்து விடை எழுதும் கேள்விக்கு நான் பத்தியையே அப்படியே காப்பி பண்ணி வைத்தேன். மார்க் போச்சு! மிஸ் சொன்ன பிறகுதான் தப்பு புரிந்தது. உங்களுக்கும் சொல்றேன், கேளுங்க.

1. முதலில் கேள்விகளைப் படியுங்கள், பிறகு பத்தி. எதைத் தேடணும்னு தெரிந்துவிடும்.

2. 'ஹூ' என்றால் ஆள், 'வேர்' என்றால் இடம், 'வென்' என்றால் நேரம், 'ஒய்' என்றால் காரணம். கேட்டதை மட்டும் எழுதுங்கள்.

3. கேள்விக்குள்ளேயே பாதி விடை இருக்கு! 'ஒய் டிட் மாலா ரன்?' என்றால், 'மாலா ரேன் பிகாஸ்...' என்று தொடங்குங்கள். 'டிட்' போனால் 'ரன்', 'ரேன்' ஆகணும். மறந்துடாதீங்க!

4. புரியாத சொல் வந்தால் பதறாதீங்க. முன்வரி, பின்வரியைப் பாருங்கள், அர்த்தம் பிடிபடும்.

5. பாட்டில் 'லைக் எ லயன்' வந்தால் சிமிலி. தமிழ் ஐயா சொல்லும் உவமைதான்! 'ஹி இஸ் எ லயன்' என்றால் மெட்டஃபர், அதாவது உருவகம். ஆனால் 'ஐ லைக் மேங்கோஸ்' சிமிலி இல்லை. அங்கே 'லைக்' என்றால் பிடிக்கும்!

மனப்பாடம் பாதியில் மறக்கும், புரிந்தது மறக்காது. அரையாண்டில் ஒரு கை பார்ப்போமா?

- பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி